எங்கள் பெயரைச் சொல்லிப் பூட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய பள்ளித் தாளாளர், முதல்வர், பெற்றோர் ஆசிரியர் கழகச் செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவனின் தாய் நான். பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாருக்கு எழுதியிருக்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும், அது போதும்.

சென்ற மாதம் வந்த சுற்றறிக்கை, மேல்வகுப்பு நூலக அலமாரியிலிருந்து சில ஆங்கில நாவல்கள் 'தற்காலிகமாக' எடுத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. ரே பிராட்பரியின் ஃபாரன்ஹீட் 451, ஆல்டஸ் ஹக்ஸ்லியின் பிரேவ் நியூ வேர்ல்ட், ஜார்ஜ் ஆர்வெலின் 1984 மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வயதுக்குப் பொருந்தாத பகுதிகள் உண்டு என்பது முதல் காரணம். குடும்ப அமைப்பைத் தவறாகச் சித்திரிக்கின்றன என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒரு வரி: 'பெற்றோர் பிரிந்து வாழும் மாணவர்களின் மனம் புண்படக்கூடாது என்பதையும் கருத்தில் கொண்டு.'

அந்த மூன்றாவது வரிக்காகத்தான் இந்த மடல். முதல் இரண்டு காரணங்களோடு வாதாட உங்கள் கழகத்திலேயே ஆட்கள் இருப்பார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. விவாகரத்து ஆன ஒரு தந்தையிடம் வளர்ந்தவள் நான்.

அப்பாவுக்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து அவர் வரும்வரை கிளை நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டி வீடு இருந்தது, எனக்கு நூலகம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இந்த மாகாணத்தில்தான் வந்தது என்பதும், வீட்டு வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு வரி கட்டுகிற ஊர் இது என்பதும் பின்னால் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே யாரும் என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை என்பதுதான்.

வெளியே எல்லோரும் சொன்னார்கள். பெரும்பாலும் நல்லவர்கள். நான்காம் வகுப்பில் 'என் அன்னை' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது ஆசிரியை என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நீ மட்டும் பசுவைப் பற்றி எழுதும்மா" என்றார். எழுதினேன். பசு ஒரு சாதுவான பிராணி, அதற்கு நான்கு கால்கள் உண்டு. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. என் அம்மா அப்போது கோயம்புத்தூரில் உயிரோடு, நலமாக இருந்தார். விடுமுறைக்கு விடுமுறை ரயிலேறி அவரிடம் போய் வந்துகொண்டிருந்தேன். என் அன்னையைப் பற்றி எழுத எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆசிரியையின் கருணை அதற்கு இடம் தரவில்லை.

வீட்டில் அத்தை. எங்களுக்குச் சமைத்துப்போட வந்தவர், கல்யாண ஆல்பத்தில் அம்மா இருந்த படங்களையெல்லாம் உருவி எடுத்துவிட்டார். கறுப்பு அட்டையில் படங்களைப் பிடித்திருந்த முக்கோண மூலைகள் மட்டும் மிஞ்சின. "குழந்தை பார்த்து ஏங்கிப்போகும்" என்பது அவர் வாதம். அப்பா அவரோடு சண்டை போடவில்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுதி, நெகட்டிவ் இருந்தால் பிரதி போட்டு அனுப்பும்படி கேட்டிருக்கிறார். படங்கள் வந்தன. அவரே அவற்றை ஆல்பத்தில் திரும்பச் செருகினார். அத்தைக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை.

1984 நாவலைக் கல்லூரிக்குப் போகும் முன்பே படித்துவிட்டேன். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் வியாபாரிகளுக்கு அதன் பக்கத்திலேயே அமைந்த கடைகளில் அப்பா வாங்கித் தந்த பழைய பிரதி. அதில் கதாநாயகன் வின்ஸ்டனுடைய வேலை பழைய நாளிதழ்களைத் திருத்துவது. அரசுக்கு வேண்டாதவராகிவிட்ட ஒருவரின் பெயரை எல்லாப் பிரதிகளிலிருந்தும் எடுத்துவிட்டு, மூலத்தைச் சுவரில் உள்ள துளையில் போட்டுவிட வேண்டும். அது உலைக்குப் போய்விடும். எனக்கு உடனே அத்தை நினைவுக்கு வந்தார். பயத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு ஒரு தெம்பு. என் வீட்டில் நடந்ததற்கு உலகத்தில் வேறு எங்கோ ஒருவர் முகம் கொடுத்திருக்கிறார் என்ற தெம்பு.

உங்கள் இரண்டாவது காரணத்துக்கும் அந்த நாவலில் ஒரு பதில் இருக்கிறது. அந்த நாட்டை ஆளும் கட்சி விவாகரத்தை அனுமதிப்பதில்லை. குழந்தை இல்லாவிட்டால் தம்பதி பிரிந்து இருக்கலாம், அவ்வளவுதான். வின்ஸ்டனின் மனைவி கேத்தரின் எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்கே தெரியாது, ஆனாலும் அவன் அவளுடைய கணவன். இங்கே 1955இன் இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் பரஸ்பர சம்மதத்தோடு மணவிலக்கு பெறும் பிரிவைச் சேர்த்தது. என் பெற்றோர் அந்தப் பிரிவின் கீழ், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில், இரண்டு பேரும் கையெழுத்திட்டுப் பிரிந்தார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் இன்றுவரை தரக்குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆர்வெலின் நாட்டில் அவர்களுக்கு அது வாய்த்திருக்காது.

ஹக்ஸ்லியின் நாவல் 1932இல் வந்தது. அதன் உலகத்தில் குழந்தைகள் பாட்டிலில் உருவாகிறார்கள். 'தாய்' என்பது கூச்சப்பட வேண்டிய ஆபாசச் சொல். 'தந்தை' அந்த அளவுக்கு ஆபாசம்கூட இல்லை, வெறும் கேலிக்குரிய சொல். குழந்தை உற்பத்தி நிலையத்தின் இயக்குநர் முன்னால், அவர் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்குப் பிறந்த ஜான் மண்டியிட்டு, "என் தந்தையே" என்கிறான். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இயக்குநர் காதுகளைப் பொத்திக்கொண்டு அறையைவிட்டே ஓடுகிறார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. அப்பா எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவார். கீழ் வீட்டு அம்மாளிடம் கற்றுக்கொண்டு வந்து பின்னியது. ஒன்று மேலே ஏறியும் மற்றொன்று காதுக்குக் கீழேயும் நிற்கும். சிவப்பு ரிப்பன் மட்டும் எப்போதும் கச்சிதம். பெற்றோர் கூட்டத்துக்கு அவர் ஒருவரே வந்து பின்வரிசையில் உட்காரும்போது, மகளைத் தனியாக வளர்க்கும் ஆண் என்பதே சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. விட்டுப்போன தாயைப் பழிப்பார்கள், விடாமல் இருந்த தந்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டிய ஒரு புத்தகத்தை என் மனம் புண்படும் என்று எடுத்து வைக்கிறீர்கள்.

இப்போது பிராட்பரி. 1953இல் வந்த இந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கை இதற்குள்ளிருந்தே எழுந்து வந்தது போலிருக்கிறது.

தீயணைப்புப் படை வீரர்கள் புத்தகங்களைக் கொளுத்தும் நாடு. இதை எல்லோரும் அறிவார்கள். கொளுத்தும் பழக்கம் எப்படி வந்தது என்பதுதான் பலருக்கு மறந்துவிடுகிறது. மோன்டாக் என்ற வீரனிடம் அவனுடைய தலைவர் பீட்டி நீண்ட நேரம் விளக்குகிறார்: இது அரசாங்கம் மேலிருந்து போட்ட உத்தரவாகத் தொடங்கவில்லை. முதலில் புத்தகங்கள் சுருங்கின, பெரிய காவியங்கள் இரண்டு நிமிட வாசிப்பாயின. பிறகு ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்களைப் புண்படுத்துவதை எடுக்கச் சொன்னார்கள். நாய் வளர்ப்பவர், பூனை வளர்ப்பவர், மருத்துவர், வழக்கறிஞர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போனது. யாருக்கும் வலிக்கக்கூடாது என்பதே நோக்கம். கடைசியில் அரசாங்கத்துக்குத் தீக்குச்சி கிழிக்கும் வேலை மட்டுமே மிஞ்சியது.

இதைவிட நேரான இடம் ஒன்று உண்டு. மோன்டாக் தன் மனைவியின் தோழிகளுக்கு ஒரு கவிதையை வாசித்துக் காட்டுகிறான். திருமதி ஃபெல்ப்ஸ் காரணம் புரியாமல் அழுதுவிடுகிறார். உடனே திருமதி பௌல்ஸ் சீறுகிறார்: கவிதை என்றாலே அழுகைதான், இதெல்லாம் மனிதரைப் புண்படுத்தும் சொற்கள், எதற்காக இப்படிப் புண்படுத்துகிறீர்கள்? சுற்றறிக்கையின் மூன்றாவது வரியை இந்த அம்மையார் எழுதிக்கொடுத்திருக்க முடியும்.

அதோடு நிற்கவில்லை. மோன்டாக் அவரைப் பார்த்துக் கத்துகிறான்: வீட்டுக்குப் போய், விவாகரத்து செய்த உன் முதல் கணவனையும், ஜெட் விமானத்தில் செத்துப்போன இரண்டாமவனையும், தன்னைத் தானே சுட்டுக்கொண்ட மூன்றாமவனையும் நினைத்துப் பார். இந்த இடம் உங்கள் பார்வையில் பட்டிருக்கலாம், புகாரே இதனால் எழுந்திருக்கலாம். விவாகரத்தை ஒரு சமூகத்தின் சீரழிவுக்கு அடையாளமாகப் பிராட்பரி வைக்கிறார். மரணம், தற்கொலை ஆகியவற்றின் வரிசையில் அது முதல் இடத்தில் நிற்கிறது. முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்த வரிசை எனக்கு ஏற்புடையதல்ல. என் அப்பாவின் சமையலறையில் எந்த நாகரிகமும் அழியவில்லை; ரசம்தான் சில நாள் சரியாக வராது. புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் 'தவறு' என்று எழுதினேன். உலகப் புகழ்பெற்ற ஓர் எழுத்தாளரைப் பார்த்து ஒரு பெரம்பூர்ப் பெண் 'தவறு' என்று எழுதிய அந்த உரிமையைத்தான் உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை யாராவது எனக்காக முன்கூட்டியே கிழித்திருந்தால் நான் யாரோடு சண்டை போட்டிருப்பேன்?

கிழித்தும் பார்த்திருக்கிறார்கள். 1967இல் பள்ளி மாணவர்களுக்கென்று இந்த நாவலின் ஒரு பதிப்பை அமெரிக்காவில் வெளியிட்டபோது, ஆசிரியரைக் கேட்காமலேயே எழுபத்தைந்து இடங்களில் கைவைத்தார்கள். வசைச்சொற்கள் போயின, கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று. தணிக்கையைப் பற்றிய நாவலுக்கே தணிக்கை. சில ஆண்டுகளுக்கு அந்தப் பதிப்பு மட்டுமே கடைகளில் விற்றது. பிராட்பரிக்குச் செய்தியே தெரியாது. மாணவர்கள் எழுதிச் சொல்லித்தான் தெரிந்தது; 1979இல் முழு நாவலையும் மீட்டெடுத்து ஒரு பின்னுரையும் எழுதினார். வெட்டியவர்கள் பிள்ளைகளின் நலம் கருதிய பெரியவர்கள், கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்.

உங்களைக் கொளுத்துபவர்கள் என்று நான் சொல்லவில்லை. கொளுத்துவது என்றால் என்னவென்று தமிழருக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணத்தில் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்தன. அந்தச் சொல்லை ஒரு பள்ளி அலமாரிப் பூட்டுக்குச் செலவழிக்க நான் தயாராக இல்லை. உங்கள் செயலுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது வேறொன்று. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள் முருகனை அதிகாரிகள் 'அமைதிப் பேச்சுவார்த்தை'க்கு அழைத்தார்கள். ஊர் புண்பட்டிருக்கிறது, அமைதி வேண்டும் என்றார்கள். மன்னிப்பில் கையெழுத்திட்டு வந்தவர், எழுத்தாளன் பெருமாள் முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறியுங்கள், படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. என் பெற்றோரை நாகரிகமாகப் பிரித்துவிட்ட அதே வளாகம்.

இடையில் ஒரு சந்தேகம். பிரிந்த குடும்பங்கள் வரும் நூல்களையெல்லாம் எடுப்பதென்றால் தமிழாசிரியரை என்ன செய்யப்போகிறீர்கள்? கோவலன் கண்ணகியை விட்டுப் போனான், பிறகு மாதவியையும் விட்டுப் போனான். மணிமேகலை தந்தையில்லாமல் வளர்ந்தாள். பெரிய புராணத்தில் பரமதத்தன் புனிதவதியைப் பிரிந்து பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். பிரிந்த மனைவியின் பெயரைத் தன் குழந்தைக்கு வைத்த அந்தத் தந்தையைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம். என் வீட்டில் பேசியிருக்கிறோம்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. நூல்களைத் திரும்ப வையுங்கள். இனி ஒரு நூலைப் பற்றிப் புகார் வந்தால், முழு நூலையும் படித்தவர் எழுத்தில் தரட்டும். முடிவாகும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கட்டும். தன் பிள்ளை படிக்க வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் தன் பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளட்டும், என் மகனுக்கு நான் இருக்கிறேன். சுற்றறிக்கையின் மூன்றாவது வரியை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். உண்மையிலேயே எங்களைப் போன்றவர்கள் மீது அக்கறை இருந்தால், சுற்றுலா அனுமதிப் படிவத்தில் தாய், தந்தை இருவரின் கையொப்பமும் கட்டாயம் என்று அச்சடித்திருக்கிறீர்களே, அதை மாற்றுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கே 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். மகாபலிபுரம் போய்வர அதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். என் அப்பாவும் வருகிறார். ஹக்ஸ்லியின் நாவலில் முதல் மூன்று அத்தியாயங்கள் இழுவை, அவற்றை எடுத்துவிட்டால் தேவலை என்பது அவர் கருத்து. ஆகவே உங்கள் பக்கத்துக்கு ஒரு வாக்கு நிச்சயம்.

கூட்டத்துக்கு நூலகரையும் அழையுங்கள். இந்த முடிவை எடுக்கும் முன் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அறிகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
சென்னை.