கார்டு ரூமுக்கு ஒரு கேபிள்: நம் கிளப் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வரப்போகும் ஆண்டுப் பொதுக்கூட்ட (ஏ.ஜி.எம்.) நிகழ்ச்சி நிரலில் நம் ஈஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம் போட்டி) லீக்கின் பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். கார்டு ரூமில் அதை நடத்திவரும் நாலு பேரில் நானும் ஒருவன். கீழே இருந்த தீர்மானத்தைப் படித்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. டீம் ஏலம், ஸ்பான்சர், ஆளுக்கு ₹2,500 நுழைவுக் கட்டணம், ஜெயிக்கும் டீமுக்கு ரொக்கம். யாரோ ஐ.பி.எல். பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள்.

இந்த லீக் எப்படி வளர்ந்தது என்பது குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2023-ல் ஆரம்பித்தபோது எட்டே பேர். ஒரு பழைய பிளேஸ்டேஷன், ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த டிவி, அவ்வளவுதான். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரிப் பக்கத்து உறுப்பினர்கள், தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், இங்கே ஜெனரேட்டர் ஓடுகிறதே என்று குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். போன் சார்ஜ் ஏறும்வரை என்ன செய்வது? டவர் இல்லை, நெட் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட பிளேஸ்டேஷனுக்கு நெட் வேண்டாம். ஃபுட்பால் போட்டோம். ரம்மி டேபிள் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், பேத்தியிடம் கன்ட்ரோலரைப் பிடுங்கி ஏழு கோல் வாங்கினார். வாங்கிவிட்டு "இன்னொரு ஆட்டம்" என்றார். அந்த வாரத்திலேயே 22 பேர் பெயர் கொடுத்தார்கள். இன்றைக்கு 64.

ஐந்துக்கு ஐந்து பேர் ஆன்லைனில் சுட்டு ஆடும் வேலரன்ட்டைச் சேர்த்த பிறகுதான் தலைவலி. அதற்கு சர்வர் மும்பையில் இருக்கிறது. ஒழுங்கான லைன் என்றால் இங்கிருந்து பிங், அதாவது சிக்னல் அங்கே போய்த் திரும்பும் நேரம், முப்பது, நாற்பது மில்லிசெகண்டில் நிற்கும். நம் வைஃபையில் திடீரென்று 200-க்குத் தாவும். குறி பார்த்துச் சுடுவதற்குள் எதிராளி அந்த இடத்தை விட்டே போயிருப்பான். ரவுட்டரை மாற்றினோம். இன்டர்நெட் கம்பெனியோடு சண்டை போட்டோம். கடைசியில் கண்டுபிடித்தவர் நம் பில்லியர்ட்ஸ் மார்க்கர். எங்களுக்கும் ஸ்கோர் எழுதுவது அவர்தான், அதே பழைய ஸ்லேட்டில். "சார், பேன்ட்ரில சமோசா சூடு பண்றப்பல்லாம்தான் பசங்க கத்துறாங்க" என்றார். போய்ப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் மைக்ரோவேவ். அதுவும் நம் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்ச் முடியும்வரை எல்லோருக்கும் ஆறின சமோசாதான்.

இப்போது பண விஷயம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் ஈஸ்போர்ட்ஸை வரவேற்கவே செய்கிறது. ஆனால் ஈஸ்போர்ட்ஸ் என்று நாமாகச் சொல்லிக்கொண்டால் போதாது. தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின்படி அங்கீகாரமும், இந்தக் கேமிங் சட்டத்தின் கீழ் பதிவும் வேண்டும். அவை இல்லாமல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜெயித்தால் பணம் என்று அறிவித்தால், அது திறமையா அதிர்ஷ்டமா என்று கேமிங் சட்டம் பார்ப்பதில்லை. பண ஆட்டம் நடத்துபவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களில் சொன்னது. அந்தத் தைரியத்தில் நம் கார்டு ரூம் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. ஆன்லைனில் அந்தத் தைரியம் செல்லாது. நம் லீக் எந்தப் பக்கம் விழும் என்று கிளப் வக்கீல் எழுத்தில் சொல்லட்டும், பிறகு ஏலத்தைப் பற்றிப் பேசலாம்.

சட்டம் இடம் கொடுத்தாலும் நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். ஏழு கோல் வாங்கிய பெரியவரை ஏலத்தில் யார் எடுப்பார்கள்? ஸ்பான்சர் வந்தால் வெளியிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை கெஸ்ட் என்று கூட்டிவரச் சொல்வார். நம் ஆட்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இப்போதைக்கு எங்கள் பரிசு ஃபில்டர் காபி. பில் தோற்றவர் கணக்கில். (இதையும் வக்கீலிடம் கேட்க வேண்டுமோ என்னவோ.)

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. சத்தம் தாங்கவில்லை என்று பிரிட்ஜ் சீட்டு ஆடுபவர்கள் எழுதிக் கொடுத்தது நியாயம். ஹெட்செட் மாட்டியவனுக்குத் தன் குரல் கேட்காது. இரவு ஒன்பதுக்கு மேல் ஆட்டம் கிடையாது, பரீட்சை மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு லீக் கிடையாது என்று நாங்களே வைத்திருக்கிறோம். காலர் இல்லாத டி-ஷர்ட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டேன். இந்த ஊர் கிளப்புகளுக்குள் வேட்டி நுழையவே 2014-ல் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கேட்பது கொஞ்சம்தான். வைஃபையை நம்பாமல் ஆட, ஆபீஸ் அறையின் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து கார்டு ரூமுக்கு ஒரு கேபிள். நானே டேப் பிடித்து அளந்தேன், படிக்கட்டு வளைவையும் சேர்த்து 46 மீட்டர். நூறு மீட்டர் வரை இடையில் எந்தப் பெட்டியும் தேவையில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு ஒரு யு.பி.எஸ். ஞாயிறு மத்தியானம் மூன்றிலிருந்து அறை.

அப்புறம், படிக்கட்டு ஓரத்தில் தொங்கும் தேக்குப் பலகை. டென்னிஸ், பில்லியர்ட்ஸ் சாம்பியன்களின் பெயர்கள் தங்க எழுத்தில் இருக்கின்றன. அடியில் ஒரு முழம் காலியாகக் கிடக்கிறது. போன சீசன் ஃபுட்பாலில் ஜெயித்தது அந்தப் பெரியவரின் பேத்தி. பெயின்டரை அனுப்புங்கள், ஸ்பெல்லிங் பார்க்க நான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
கார்டு ரூமிலிருந்து ஓர் உறுப்பினர்