சீதனக் காணிக்கு இருமுறை வரி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும் அதனுடன் வைத்திருந்த வரி அறிவித்தலின் பிரதியும் கிடைத்தன. உங்கள் தகப்பனார் வீட்டுக்குச் சோலைவரி, அதாவது உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டுவரி, ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்டிருந்தீர். உமது தங்கையிடம் அவருடைய அறிவித்தலையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பின்வளவையும் அதிலிருந்த சிறுவீட்டையும் தங்கைக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதிய பிறகு சபை அதற்குத் தனி வரி இலக்கம் கொடுத்திருக்கிறது, அது முறைதான். ஆனால் உமது பெயரிலுள்ள பழைய இலக்கத்திலிருந்து அந்தப் பின்வீட்டை எவரும் கழிக்கவில்லை. அதே சுவருக்கும் அதே ஓட்டுக்கும் நீரும் கட்டுகிறீர், தங்கையும் கட்டுகிறார்.

வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று விலைமதிப்புத் திணைக்களம் கணித்து, அதன் ஒரு வருடத் தொகையை வருடாந்தப் பெறுமதியாகக் குறிக்கிறது. அதில் சபை தீர்மானிக்கும் வீதமே வரி. பின்வீட்டின் பெறுமதி 24,000 ரூபாய் என்றும் வீதம் நூற்றுக்குப் பத்து என்றும் கணக்குக்காக வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 2,400 ரூபாய் வீணாகப் போகிறது. கனடாவில் உழைக்கும் உமக்கு அது பெரிய தொகையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் தங்கையின் சீதன உறுதி எழுதிய காலத்திலிருந்து எத்தனை வருடம் இப்படிப் போயிருக்கிறது என்று கணக்கிட்டுப் பாரும்.

இது போன்ற பதிவேட்டுப் பிழை எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறது. கணவரை இழந்த ஓர் அக்கா, முன்னறையைச் சில காலம் தையற்காரர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். தையற்காரர் போய், அந்தக் கதவையும் கல் வைத்துக் கட்டி, இப்போது அங்கே பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். பதிவேட்டில் மட்டும் அது இன்னமும் கடை, அதனால் வரியும் கூடுதலாக வருகிறது. அக்கா ஒவ்வொரு ஜனவரியிலும், 31ஆம் திகதிக்கு முன்பே முழு வருடத்துக்கும் கட்டி, நூற்றுக்குப் பத்துக் கழிவு பெற்று வந்தவர். பற்றுச்சீட்டுகளை வருடவாரியாக நூலில் கோத்து வைத்திருக்கிறார். மை மங்கிப்போன சீட்டுகளில் இலக்கத்தைப் பென்சிலால் மேலே எழுதியும் வைத்திருக்கிறார். அவருடைய வீட்டு மின்பட்டியலில் வீட்டுப் பாவனை என்றே இருக்கிறது. இவற்றையெல்லாம் கொண்டுபோய்க் காட்டியபோது, ஆட்சேபனை தெரிவிக்கும் காலம் முடிந்துவிட்டது, அடுத்த மீள்மதிப்பீட்டில் பார்ப்போம் என்று பதில் வந்தது.

எனக்கு ஏற்க முடியாத பதில் அது. வாடகைப் பெறுமதியைக் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்று வாதிடுவதாயின் காலவரையறை வேண்டும். மதிப்பீட்டாளரின் கருத்துக்கு எதிராக எங்கள் கருத்தைச் சொல்கிறோம், அந்தச் சர்ச்சையை வருடக்கணக்கில் திறந்து வைத்திருக்க முடியாது. இல்லாத கடையை இருப்பதாக எழுதியதும், ஒரு வீட்டை இரண்டு இலக்கத்தில் எழுதியதும் அப்படிப்பட்டவையல்ல. ஒருவர் வந்து நின்று பார்த்தால் அரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். ஒரே பதிலை இரண்டுக்கும் கொடுப்பதால்தான் சனங்கள் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. இதே பிழை இருந்தும் வரி கட்டாமல் விட்டவருக்கு நிலுவையைத் திருத்திக் கொடுப்பது சபைக்குச் சுலபம். பதிவேட்டில் ஒரு தொகையை வெட்டி இன்னொன்றை எழுதினால் போதும். ஒழுங்காகக் கட்டியவரின் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் கடினம். அங்கிருக்கும் உத்தியோகத்தர்களை நான் குறை சொல்லவில்லை. சபையின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் பார்க்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வவுச்சரில் கையெழுத்திட்டவர் கணக்காய்வு வினாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கூடுதலாக அறவிட்டதற்கு அவரை யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பயத்தைப் போக்க, சபை தீர்மானம் நிறைவேற்றி எழுத்தில் கொடுக்க வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரை நாட்டின் ஏறத்தாழ எல்லா உள்ளூராட்சி சபைகளிலும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை. அக்காலத்தில் கொடுத்த கடிதங்களை எந்தக் கூட்டத்தில் வைப்பது? இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எங்கள் வட்டார உறுப்பினரிடம் அக்காவின் கடிதத்தைக் கொடுத்து, நிதிக்குழுவில் வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.

பணத்தைத் திருப்பித் தராமல் வரும் காலாண்டு வரிகளில் கழிப்பதாகச் சபை சொல்லலாம். உமக்கு அது பொருந்தும். அக்காவோ வீட்டை விற்றுவிட்டு மகளோடு போயிருக்க நினைக்கிறார். அப்படிக் கழித்தால் அதன் பயன் வீட்டை வாங்குபவருக்குத்தான் போகும். ஆகவே அவருக்குக் காசாகவே வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதினோம். எந்த வழியானாலும் முதலில் பதிவேடு திருத்தப்பட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மீள்மதிப்பீட்டிலும் அந்தக் கடை வந்து நிற்கும்.

நீர் அங்கே உமது வீட்டின் மதிப்பீடு பற்றி மீள்பரிசீலனை விண்ணப்பம் போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர். உமது ஒன்ராறியோ மாகாணத்தில் 2016 ஜனவரி 1ஆம் திகதிப் பெறுமதியை வைத்தே பல வருடமாக வரி கணித்து வருகிறார்கள் என்பதில் குறை இருக்கலாம். ஆனால் தன் வீட்டைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் பார்க்க முடிகிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இங்கே எங்கள் கைக்கு வருவது ஒரு தொகை மட்டும். அதன் பின்னாலுள்ள, வீட்டை அளந்து குறித்த தாளைக் காண்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கப் போகிறேன். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்கே உரியது என்பதால், உமக்காக நானே என் பெயரில் போடுகிறேன்.

அதுவரை வரியைக் கட்டாமல் விட வேண்டாம். கட்டாவிட்டால் சபை வாரண்ட் எடுத்து அறவிடலாம். அதன் செலவும் உம் தலையில்தான் விழும். பணத்தைக் கட்டி, ஆட்சேபனைக்கு உட்பட்டே செலுத்துகிறேன் என்று ஒரு கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்புவோம்.

உம்மிடமிருந்து எனக்கு வேண்டியவை: தகப்பனார் உமக்கு எழுதிய உறுதியின் பிரதி, பிரிவினைக்கு முன் எடுத்த நில அளவைப் படம், உங்களிடமுள்ள பழைய பற்றுச்சீட்டுகள். தங்கையின் சீதன உறுதியை அவரிடமே வாங்கிக்கொள்கிறேன். உம் சார்பில் சபையில் கையெழுத்திட எனக்கு அற்றோணித் தத்துவமும் வேண்டும். அதை ரொறொன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பும். ஜனவரிக்கு முன் வந்து சேர்ந்தால், புதுவருட அறிவித்தல் அச்சாகும் முன்பே மனுவைக் கொடுத்துவிடலாம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உம் பழைய நண்பன்