மணிவிழா முடிந்ததும் கடல் எட்டுக் கிலோமீட்டர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் தம்பதிகளுக்கான கடலோர நடைச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையில் விடுதி இருந்தது, மீன் சாப்பாடு இருந்தது, சூரிய உதயப் படமும் இருந்தது. நடையைத்தான் காணோம். காலையில் கிளம்பி அலையோரமாகவே மாலை வரை நடக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வெள்ளியங்கிரி ஏறியவர்களும் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களும் நிறைந்த ஊர் நம்முடையது. அந்த வரியைப் படித்துவிட்டு, "மலையே ஏறிட்டோம், மணல் என்னுங்க பண்ணும்?" என்றுதான் இங்கே கேட்பார்கள். மணல் என்ன பண்ணும் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் இடம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்திலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும் குடும்பங்கள் ஏராளம். கலச நீர் ஊற்றி, மாலை மாற்றி, பந்தி முடிந்த கையோடு வேனைத் திருப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தரங்கம்பாடிக் கடல் எட்டுக் கிலோமீட்டர் அளவுதான். சொந்தபந்தங்களை வேனில் ஏற்றிவிட்டு, மணமக்கள் இருவரும் மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம். திரும்புவதற்கு மயிலாடுதுறையிலிருந்து கோவைக்கு ஜனசதாப்தி இருக்கிறது. கும்பகோணம், தஞ்சை, திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாக வரும். செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. உட்கார்ந்து வரும் வண்டி என்பதால், நடந்து அலுத்த கால்களுக்காகப் நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது நாள். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கடற்கரையில் நடக்க ஏற்றது ஈர மணல் பட்டை. அந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்பதை, கடல்நீர் ஏறும் ஏற்றமும் இறங்கும் வற்றமும் முடிவு செய்கின்றன. அவற்றை நிலா முடிவு செய்கிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே முதல் நாள் கரையில் வலை பிரிக்கும் ஒருவரிடம், "ஏனுங்கண்ணா, இப்ப ஏத்தமுங்களா வத்தமுங்களா?" என்று கேட்டுக்கொண்டால் போதும். மற்ற நாட்களை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் கூட, வற்றமும் கூட. அஷ்டமியை ஒட்டி இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. திதிக்கு ஓரிரு நாள் பிந்தித்தான் இது உச்சம் பெறும் என்பதால், நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கும் நவமியும் அதை அடுத்த தசமியும்தான் நடைக்கு வாகான நாட்கள். அன்று ஈரப் பட்டை காலை முழுக்க ஏறக்குறைய ஒரே அகலத்தில் கிடக்கும். தரங்கம்பாடிப் பக்கம் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சரிவு குறைந்த கரையில் அந்த உயரமே பல மீட்டர் அகலத்தை விழுங்கிவிடும். பிறகு காய்ந்த மணலில்தான் நடந்தாக வேண்டும். அதில் செலவாகும் தெம்பு கெட்டியான தரையில் செலவாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாலையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகிறவர் இங்கே மூன்று போனாலே பெரிது.

மாதம் என்று கேட்டால் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும் ஓய்ந்து, வெயில் ஏறாத காலம். காற்று அப்போது வடகிழக்கிலிருந்து வரும். எனவே பூம்புகாரில் தொடங்கித் தெற்கே தரங்கம்பாடியை நோக்கி நடந்தால் காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். எதிர்த்திசையில் நடந்தால் மணல் துகள் முகத்தில் அறையும், கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் அவஸ்தை. இரண்டு ஊருக்கும் இடையே கரையோரமாக ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர். ஒரே மூச்சில் வேண்டாம். காலை ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள் ஏறிவிடுகிற மாதிரி, நாளுக்கு ஆறேழு கிலோமீட்டர் போதும். ஒன்பதரைக்கு மேல் காய்ந்த மணல் சுடும். மதியத்துக்கு மேல் கடல்காற்று வலுக்கும்.

சரிவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கரை கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் கடல் பக்கத்துக் கால் ஒவ்வோர் அடியிலும் இரண்டு விரற்கடை தாழ்ந்து விழும். தெற்கே நடக்கும்போது அது இடது கால். ஒரு மணி நேரத்தில் இடுப்பின் ஒரு பக்கமும் எதிர் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். வயசுக் கோளாறு என்று நினைத்துத் தைலம் தேய்ப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை மேலே சமமாக இருக்கும் மணல் திட்டில் ஏறி நூறடி நடந்தால் சரியாகிவிடும். எதிர்க்காற்று இல்லாத நாளென்றால் போன வழியே திரும்பி வருவது இன்னும் நல்லது, பாரம் மறு காலுக்கு மாறும். உயரமானவர் கடல் பக்கம், குட்டையானவர் மேல் பக்கம் நடந்தால் பேச்சுக்குக் காது எட்டும் என்பது கூடுதல் லாபம்.

தோல் செருப்பு உதவாது. வாரின் அடியில் நனைந்த மணல் புகுந்து இரண்டு கிலோமீட்டரில் கொப்புளம் போட்டுவிடும். வெறுங்கால் இதமாக இருக்கும். ஆனால் ஊரை ஒட்டிய கரையில் தூண்டில் முள், உடைந்த பாட்டில், ஒதுங்கிய சொறிமீன் (ஜெல்லி மீன்) எல்லாம் கிடக்கும். சொறிமீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும். பழைய கேன்வாஸ் ஷூவும் காலுறையும் போதும். தலைக்கு ஆளுக்கொரு ஈரிழைத் துண்டு. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், கூடவே உப்புப் போட்ட மோர். கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு. அரிசிம்பருப்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் கடலோர வெக்கையில் மதியத்துக்குள் நூல் விட்டுவிடும்.

வழியில் சிற்றாறுகளின் முகத்துவாரங்கள் குறுக்கிடும். தையில் பல இன்னும் திறந்தே இருக்கும். முழங்கால் ஆழம்தானே என்று இறங்கக் கூடாது. வற்றத்தின்போது உள்ளே நிற்கும் நீரெல்லாம் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும்; காலடியில் மணல் கரைந்துகொண்டே இருக்கும், நிற்க நிற்க ஆழமாகும். உள்ளே திரும்பிப் பாலம் வழியாகச் சுற்றிப் போவதுதான் முறை. கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கல் வரிசையின் மேலும் நடக்க வேண்டாம். பாசி படிந்த கல்லில் வழுக்கினால் கணுக்கால் போச்சு.

குளியல் விஷயத்தில் நம்மவர்களுக்குத் துணிச்சல் அதிகம். கிணற்றில் குதித்தும் கீழ்பவானி வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டும் பழகிய கைகள். வாய்க்கால் ஒரே திசையில் ஓடும், கரை இரண்டு பக்கமும் தெரியும். கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளிதான் பெரும்பாலும் நீர் உள்ளே இழுக்கும் இடம். கலங்கிய நிறமும் நுரை கடலை நோக்கி நகர்வதும் அதன் அடையாளம். சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். குமரிக் கரைக்குப் போகிறவர்கள் கள்ளக்கடலையும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கோ தென்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து அறையும். 2024 மே மாதம் அந்த மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது அத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

பார்க்க வேண்டியவை பற்றிக் கட்டுரை நிறையவே சொன்னது, ஆனால் வரிசை சரியில்லை. தரங்கம்பாடியில் 1792இல் கட்டிய நகர வாயில் வழியாக நுழைந்து, 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்து, கடைசியாகக் கோட்டைக்கு வர வேண்டும். அப்போதுதான் தெரு நேரே கடலில் போய் முடிவது புரியும். டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையை 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றார்கள். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

பூம்புகாரில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது காவிரியைப் பார்த்து. கூடுதுறையிலும் கொடுமுடியிலும் அகண்டு ஓடுகிற ஆறு, கடலில் சேருமிடத்தில் ஒரு வாய்க்கால் போலக் கிடக்கும். முக்கொம்பிலேயே பெருவெள்ளம் கொள்ளிடத்துக்குத் திரும்பிவிடுகிறது. மிச்சத்தை வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் பாசனத்துக்குப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சங்கமத்தில் தை அமாவாசை அன்று கூட்டம் நெரியும், அன்றைய ஏற்றமும் கூடுதல். நடைக்கு அந்த நாள் வேண்டாம்.

ஊர்க் கரைகளில் ஒரு மரியாதையும் தேவை. உலர்த்திய வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள். மீன் பிரிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும், மீன் விலையும் ஏறி நிற்கும். அந்தச் சமயம் போய்விட்டுத் துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று குறைப்படுவதில் பயனில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் போடுகிறீர்கள். அந்தக் கட்டத்தின் கீழே நாகப்பட்டினம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி மூன்றுக்கும் ஏற்ற வற்ற நேரத்தை ஒரு வரியில் சேர்க்க முடியுமா? ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் பேரலை எச்சரிக்கை விடும் நாட்களில் அதையும் அதே இடத்தில் போட்டால், கோவைப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகத் தம்பதி,
கோபிசெட்டிபாளையம்.