அந்த மீனை யார் விற்றார்கள்?

பாம்பன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்ற இடத்தை இவளிடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். போட்டோ அனுப்பச் சொல்கிறாள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்கு இறங்கிவிட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் பாதி ஊர் கடன் வாங்கித்தான் சாப்பிட்டது. இப்போது கரையில் ஏலச் சத்தம் மறுபடி கேட்கிறது.

உங்கள் சபைப் போதகர் ஐயர் ஊரில் இல்லாத ஞாயிறுக்கு உன்னைப் பிரசங்கம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், லூக்கா 5ஆம் அதிகாரத்தை, இரவெல்லாம் வெறும் வலை இழுத்த சீமோனுக்கு இயேசு சொன்னபடி வலை போட்டதும் படகு நிறைய மீன் கிடைத்த கதையை, எடுத்திருக்கிறாய், சரி. "கடற்கரைக்காரன் நீ, மீன்பிடியைப் பற்றி நாலு விவரம் எழுது" என்றும் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். ஆனால் அதில் ஒன்றையும் பிரசங்கத்தில் சொல்லிவிடாதே.

இங்கே திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து பிரசங்கம் வைக்க வருகிற சாமிமார், அதாவது எங்கள் குருக்கள், பலருக்கு, கடலைப் பார்த்ததும் ஒரு ஆசை பிடித்துக்கொள்ளும். வலை, அலை, நங்கூரம், கலங்கரை விளக்கம் என்று அடுக்குவார்கள். பாம்பன் பாலத்தையும் விடமாட்டார்கள். ஒரு நவநாளில் ஒருவர், "எதிர்க்காற்று வந்தால் என்ன, துணிந்து படகைச் செலுத்து!" என்று முழங்கினார். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர், "சாமியைக் கச்சான் காத்துல ஒரு நாள் கூட்டிட்டுப் போகணும்" என்றார். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் முரட்டுக் காற்று. அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு. அதற்கப்புறம் சாமி சொன்ன நல்ல விஷயங்களும் எடுபடவில்லை.

சனிக்கிழமை இங்கே விசைப்படகுக்குத் தொழில் நாள். நாட்டுப்படகோடு தகராறு வரக்கூடாது என்று திங்கள், புதன், சனி என நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள். சனி காலையில் போனவன் ஞாயிறு காலையில் கரையேறுவான். இறாலையும் நண்டையும் விற்றுவிட்டு, குளித்து, சிவந்த கண்ணோடு பூசைக்கு வந்து உட்காருவான். டீசல் காசுகூடத் தேறாத நாளாகவும் இருக்கும். அவன் காதில், இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சீமோன் சொல்கிற வரி விழுகிறது. அதற்கு மேல் நீயோ நானோ என்ன விளக்க இருக்கிறது? வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினால் போதும். அவன் தூங்கிப் போனாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

உங்கள் சபையைப் போல வேண்டிய வேதப் பகுதியைக் கத்தோலிக்கர்களான நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் எது வருகிறதோ அதுதான். இந்தப் பகுதி கடைசியாக 2025 பிப்ரவரி 9ஆம் தேதி வந்தது. பக்கத்துக் குப்பத்துக்கு அன்று சாமி வர முடியாததால் உபதேசியாராக நான் போய் வழிபாடு நடத்தினேன். மறையுரை, அதாவது பூசையில் வைக்கிற பிரசங்கம், குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது, எங்கள் சட்டம் அப்படி. நான் சின்னதாக ஒரு விளக்கம் சொல்வேன், அவ்வளவுதான். முடிந்து வெளியே வந்தபோது மீன் விற்கிற அக்கா ஒருவர் கேட்டார்: "சார், ரெண்டு படகும் முங்குற அளவு மீனு. எல்லாத்தையும் விட்டுட்டு அவர் பின்னால போயிட்டாங்கன்னு வாசிச்சீங்க. அப்ப அந்த மீனை யாரு வித்தா?"

நான் வைத்திருக்கிற விளக்கவுரைகளில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் செபதேயுவும் கூலியாட்களும் படகில் இருந்துவிட்டார்கள் என்று வருகிறது, அவர்கள் விற்றிருப்பார்கள் என்றேன். "பாவம் அந்த மனுசன்" என்றார் அக்கா. அவருடைய மகன்கள் இரண்டு பேரும் வளைகுடாவில் இருக்கிறார்கள்.

பிறகு பல நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. லூக்காவில் முந்தின அதிகாரத்திலேயே சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறாள். ஆக, அவனுக்கு வீடு இருக்கிறது, அடுப்பு எரிய வேண்டும். வெறும் வலையோடு வந்த நாளில் தொழிலை விட்டுப் போவது பெரிய காரியம் இல்லை. எங்கள் பையன்கள் அப்படித்தான் திருப்பூருக்குப் போகிறார்கள். சீமோனோ, வாழ்நாளில் பார்த்திராத மீன்பாடு கிடைத்த அன்று விட்டுப் போனான். இதை எனக்குக் காட்டியது ஏலக்கணக்குத் தெரிந்த ஒரு அக்கா.

அகுஸ்தினார் ஆயராக இருந்த வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவும் ஒரு துறைமுக ஊர்தான் என்பது ஞாபகம் இருக்கிறதா? அவர் அங்கே உட்கார்ந்து பேசுவார், ஜனங்கள் நின்று கேட்பார்கள், கை தட்டுவார்கள், சத்தம் போடுவார்கள். மக்களுக்குப் புரியாமல் போவதைவிட இலக்கணப் பண்டிதர்கள் என்னைத் திட்டுவது மேல் என்றார். சொல்லணி கற்பிக்கும் ஆசிரியராக இருந்தவர் சொன்னது! நம் கரையில் எனக்குப் பிடித்தவர் போர்ச்சுகலிலிருந்து வந்த சேசு சபைக் குரு என்ரிக்கே என்ரிக்கஸ். 1542இல் வந்த சவேரியாரை எல்லோருக்கும் தெரியும். தமிழில் பெயர்த்த ஜெபங்களை மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர். இங்கே பக்கத்தில் வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட சேசு சபைக் குரு கிரிமினாலியையும், ஓரியூரில் 1693இல் தலை வெட்டுண்ட அருளானந்தரையும் தெரியும். என்ரிக்கஸுக்கு அந்த மாதிரிச் சாவு இல்லை, திருவிழாவும் இல்லை. அவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து, இந்த ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டார். பிரசங்கிக்குப் பாதுகாவலர் தேடினால் நான் அவரைத்தான் சொல்வேன்.

நேரம் எவ்வளவு என்று கேட்டாய். மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கப்புறம் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் சொன்னார். உங்கள் சபையில் எட்டு நிமிடத்தில் முன்னுரைகூட முடியாது! எனக்கு அந்தக் கணக்கில் முழுச் சம்மதம் இல்லை. பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது நீ என்னைக் கூட்டிப்போன கோயிலில் அந்த வயதான ஐயர் முக்கால் மணி நேரம் பேசினார், ஒரு பிள்ளை அசையவில்லை. இங்கே ஐந்து நிமிடமே நெளிய வைத்த நாளும் உண்டு. எங்கள் தெருப் பையன்கள் சிலர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் இலங்கைச் சிறையில் இருந்த ஞாயிறு, எங்கள் சாமி எழுதிக் கொண்டுவந்த தாளை மடித்து வைத்துவிட்டார். "ஆழத்திலிருந்து உம்மை நோக்கி" என்கிற 130ஆம் திருப்பாடலை இரண்டு தரம் மெதுவாக வாசித்து உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

உன் சபையில் பாதிப் பேர் முருங்கை விவசாயிகள். எழுத உட்காருவதற்கு முன்னால் கமிஷன் கடைப் பக்கம் போ. கிலோவுக்கு இதுவரை கிடைக்காத விலை வந்த நாளில் ஒருவர் வந்து "மூட்டையை விட்டுவிட்டு என்னோடு வா" என்றால் என்ன செய்வாய் என்று இரண்டு பேரிடமாவது கேள். அவர்கள் சொல்வதை அப்படியே மேடையில் எடுத்து வைக்காதே, ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கேட்டுக்கொண்டு மட்டும் வா. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. அக்காவிடம் வாசித்துக் காட்டுகிறேன், நிச்சயம் இன்னொரு கேள்வி வரும்.

நெத்திலிக் கருவாடு கேட்டிருந்தாய். இரண்டு நாளாக வெயில் நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளை அடுத்த வாரம் தூத்துக்குடி வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்