மாமாவுக்கு: மனசு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள மாமா,

ஃபோனில் கேட்டால், "எனக்கென்னட்டி, நல்லாத்தான் இருக்கேன், இந்தா அத்தைகிட்ட பேசு" என்று கைமாற்றி விடுகிறீர்கள். நேரில் வந்தால் காப்பி குடித்தாயா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்று என் கதையைக் கேட்டே நேரத்தை ஓட்டிவிடுகிறீர்கள். எழுதினால் படிப்பீர்கள். சுண்டல் மடித்துத் தந்த காகிதத்தைக்கூட வாசித்து முடித்த பிறகுதான் கசக்கிப் போடுகிறவர் நீங்கள். இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், ரிட்டயர்டு ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் வேறு சில மாமாக்களும் படிக்கட்டும் என்பதுதான். உங்கள் பெயரை எங்கும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு மோட்டைப் பார்த்துக் கிடக்கிறீர்கள். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கிறது. பேப்பர் மடிப்புக் கலையாமல் சாயங்காலம் வரை திண்ணையில் கிடக்கிறது. பஸ் டிப்போ எதிரே உள்ள டீக்கடைப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. கேட்டால், வயசாயிட்டு, கை காலில் சத்தில்லை, வயிற்றில் கேஸ் என்கிறீர்கள். சுகர், பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. டாக்டரும் சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்கென்னவோ இது மனச்சோர்வு என்றுதான் படுகிறது. நான் டாக்டர் இல்லை. ஆனால் சின்னவன் பிறந்த பிறகு எனக்கும் இது வந்திருந்தது. அம்மாவுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். ஊரில் கேட்டவர்களிடம் "பிள்ளை பெத்த உடம்பு" என்று சொல்லிச் சமாளித்தோம். மாத்திரை சாப்பிட்டேன், சரியானேன். உங்கள் வயது ஆண்களுக்கு இது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. உடம்பு வலி, அசதி, பசியின்மை, சுள்ளென்று வரும் கோபம் என்று வேஷம் மாற்றிக்கொண்டு வரும். அதனால்தான் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் கவனிக்கவேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. உங்களுக்கு ஆடியிலிருந்தே இப்படி இருக்கிறது என்கிறார் அத்தை.

மனசு சரியானதும் எழுந்திருக்கலாம், குளிக்கலாம், நாலு பேரைப் பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த நோயில் கதை தலைகீழ். படுத்தபடி மனசு வரட்டும் என்று இருந்தால் அது வரவே வராது. கை கால் முதலில் போகவேண்டும். மனசு பின்னால் மெதுவாக வரும். சில நாள் வராமலும் இருக்கும்.

இது நானாகச் சொல்வதில்லை. கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரும் சங்கத் என்ற அமைப்பும் சேர்ந்து 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேர். அதில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போடு, ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேச ஓர் ஆளையும் கொடுத்தார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை. மனநலத்தில் முன் அனுபவம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்கள், பயிற்சி கொடுத்துத் தயார் செய்தவர்கள். முக்கியமாக அவர்கள் செய்தது, விட்டுப்போன வேலைகளைச் சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்க வைத்ததுதான். மூன்று மாதத்தில் அந்தப் பக்கத்தில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தார்கள். மற்ற பக்கத்தில் 39 பேர். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது இது. கோவாவின் சுகாதார நிலையத்தில் பலித்தது பாளையங்கோட்டையில் பலிக்காதா என்ன?

உங்களுக்குக் காலைதான் மோசமான நேரம் இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. விழிக்கும்போதே நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் இளகும். இந்த நோயில் நிறையப் பேருக்கு இதுதான் போக்கு. ஆகவே காலையில் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். வீட்டை விற்றுவிடலாமா, நான் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்விகள் காலை ஆறு மணிக்கு வந்தால், சாயங்காலம் வா பார்க்கலாம் என்று அனுப்பிவிடுங்கள்.

காலைக்கு ஒரே வேலைதான்: கட்டிலை விட்டு இறங்கித் திண்ணை வரை வருவது. அத்தை, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். காப்பியைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். திண்ணையில் வைத்துவிட்டு "காப்பி இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். ஆறிப்போனால் போகட்டும், சூடு பண்ணிக்கொள்ளலாம். "இப்படியே கிடந்தா என்ன ஆகும்" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். என்ன ஆகும் என்று அவர் ஏற்கெனவே ராத்திரி முழுக்க யோசித்து முடித்திருப்பார்.

குளிப்பது இந்த நோயில் மலை ஏறுகிற வேலை. வராதவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வாளியை நிரப்பி, துண்டு எடுத்து, சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, துவட்டி, வேறு சட்டை தேடி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து நிற்கும். முடியாத அன்று முகமும் காலும் கழுவினால் போதும். அதையும் குளியல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேவ் விஷயத்திலும் அப்படித்தான். கண்டக்டராக இருந்தபோது முதல் டிரிப்புக்கு இருட்டோடு கிளம்பினாலும் வழவழவென்று மழித்து, நெற்றியில் திருநீறு இட்டு, காக்கிச் சட்டையின் கஞ்சி மொறுமொறுக்க நின்றவர் நீங்கள். ஷேவ் பண்ணாமல் டீக்கடைக்குப் போகக்கூடாது என்று நீங்களே போட்ட சட்டம்தான் இப்போது உங்களை வாசலில் தடுக்கிறது. அதைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். நரைத்த தாடியோடு டீ குடிக்கிறவர்கள் பாளையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்துச் சொல்வதை மட்டும் தட்டாமல் செய்யவேண்டும். நீங்கள் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். டிக்கெட் மெஷின் எல்லாம் வராத அந்த நாளில், ஒவ்வொரு ஸ்டேஜிலும் பென்சிலை எடுத்து வேபில் என்ற டிரிப் கணக்குத் தாளில் எழுதுவீர்களே, அதே மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். மணி, என்ன செய்தேன், அப்போது மனசு பத்துக்கு எத்தனை. அவ்வளவுதான். விளக்கம் எழுதவேண்டாம். "6 மணி, படுக்கை, 1. 8 மணி, திண்ணை, காப்பி, 2. 11 மணி, திரும்பப் படுக்கை, 1. 5 மணி, செடிக்குத் தண்ணீர், பக்கத்து வீட்டுப் பையன் கணக்குக் கேட்டான், 4." இப்படி.

கூட்டமே இல்லாத டிரிப்பையும் வேபில்லில் எழுதித்தான் ஆகவேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்தாலும் எழுதுங்கள். ஏழெட்டு நாள் ஆனதும் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். நாள் முழுக்க ஒரே இருட்டு என்று தோன்றுகிறதே, அது பொய் என்று உங்கள் கையெழுத்தே காட்டும். நான்கு வந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று பாருங்கள். பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததா? சரி, மறுநாள் ஐந்து மணிக்கு அவனை வரச் சொல்லுங்கள். முந்தின ராத்திரியே அதை நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் அந்த நேரத்தில் மனசு வருதா வரலையா என்று கேட்காதீர்கள். டியூட்டி போட்டால் போகவேண்டியதுதான். முப்பது வருஷம் மனசைக் கேட்டா பஸ் ஏறினீர்கள்?

வேலையை விட்டதுதான் காரணமா என்று அத்தை கேட்டார். ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை, உடம்பு, இழப்பு, தனிமை எல்லாம் சேர்ந்துதான் வரும். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் இதே மாதிரி இருக்கும், அதையும் பார்க்கவேண்டும். ஆனால் நேரத்துக்கு எழுப்பி, நேரத்துக்குச் சோறு போட்டு, நூறு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது அந்த வேலை. அது போனதும் நாளுக்கு எலும்பே இல்லாமல் போய்விட்டது.

தூக்கத்துக்கு வருகிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கால் மணி நேரம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து முன்னறையில் உட்காருங்கள். பெரிய லைட் வேண்டாம், ஃபோன் வேண்டவே வேண்டாம். கண் சொக்கினால் திரும்பப் படுங்கள். யோசனை சுற்றிச் சுற்றி வந்தால் பாபநாசம் ரூட்டைச் சொல்லிப் பாருங்கள்: பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். இடையில் உள்ள சின்ன ஸ்டாப்பெல்லாம் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் ஏறுவார்கள், என்ன சாமான் ஏற்றுவார்கள், பழைய டிக்கெட் என்ன என்று நிதானமாகப் போங்கள். மகிழ்ச்சி வராது. யோசனை கொஞ்ச நேரம் வேறு பாதையில் ஓடும். அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி. பகலில் அரை மணிக்கு மேல் தூங்காமல், ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்தால், தூக்கம் மெல்ல வரிசைக்கு வரும்.

தூக்கத்துக்காக ராத்திரி கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அத்தை சொல்லவில்லை, பீரோ பின்னால் நானே பார்த்தேன். அது படுத்ததும் தூங்க வைக்கும், நடுராத்திரியில் எழுப்பியும் விட்டுவிடும். மறுநாள் மனசை இன்னும் கீழே இழுக்கும். மாத்திரை தொடங்கினால் இரண்டும் சேரவே கூடாது. தினமும் ஊற்றிக்கொள்கிற அளவுக்குப் போயிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கோயிலுக்குப் போ, யோகா பண்ணு, பேரனைக் கொஞ்சு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். நெல்லையப்பர் கோயிலில் போய்ச் சும்மா உட்கார்ந்தாலும் அது வெளியே போனதாகத்தான் கணக்கு; பக்தி வரவில்லையே என்று அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி வேண்டாம். வ.உ.சி. மைதானத்தில் நடப்பது பிடிக்காவிட்டால் தெருமுனை வரை போய் வாருங்கள். தனியாகப் போவதைவிட யாராவது கூட வந்தால் நல்லது. உங்கள் பழைய டிரைவர் அண்ணனிடம் அத்தையைப் பேசச் சொல்லியிருக்கிறேன். "என்ன ஆச்சு, ஏன் இப்படி இருக்கே" என்று தோண்டிக் கேட்காத மனுஷன் அவர். கிரிக்கெட் பேசுவார், உங்களுக்கு அது போதும்.

ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், மாமா. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கட்டவேண்டாம். யாராவது பார்த்துவிடுவார்களே என்று நினைப்பீர்கள். சென்னை கீழ்ப்பாக்கத்து மனநல ஆஸ்பத்திரி 1794-இல் தொடங்கியது. இத்தனை காலமாக எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியும், சினிமாவில் அந்த ஊர்ப் பெயரை வைத்துச் சிரிக்கத்தான் கற்றுக்கொண்டோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சுகர் மாத்திரை வாங்க வெட்கப்பட்டீர்களா?

மாத்திரை எழுதிக்கொடுத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை போட்ட அன்றே வேலை செய்யாது. முதலில் சிலருக்குக் குமட்டலும் தலைவலியும் வரலாம். அது பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மனசில் வித்தியாசம் தெரிய இரண்டு வாரமாவது ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நிறையப் பேர் இடையிலேயே "பிரயோஜனம் இல்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே போடும் பிரஷர், சுகர் மாத்திரைச் சீட்டையெல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் வயதில் இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இதைக் கேட்பதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா? கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது என்று தெரிந்துதான் கேட்கிறேன். வந்தால் வெட்கப்படாதீர்கள், அது நோயின் பேச்சு. தனியாக மட்டும் இருக்காதீர்கள். அத்தையை எழுப்புங்கள், எனக்கு எந்த நேரமானாலும் அடியுங்கள். எங்கள் யாரிடமும் சொல்லப் பிடிக்காவிட்டால் 14416-க்கு அடியுங்கள். அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலுள்ள மாத்திரை டப்பா எல்லாம் இப்போதைக்கு அத்தை கையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் பாசஞ்சரில் வருகிறேன். திங்கள் காலை ஓ.பி. சீட்டு நான் எடுத்துவிடுவேன். நீங்கள் வரிசையில் நிற்கவேண்டாம், ஆட்டோவில் அத்தையோடு பின்னால் வந்தால் போதும். பழைய ரிப்போர்ட், ஆதார் அட்டை, கண்ணாடி. ஷேவ் பண்ணவேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்