களஞ்சியத்திலிருந்து தொடங்குங்கள்: இங்கிலாந்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கோடைச் சுற்றுலாவுக்கு இடம் முடிவு செய்யும்போது நாம் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காவை அல்லது கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறோம். எப்போதாவது ஒரு பிரபுவின் மாளிகை. அங்கும் சரவிளக்கையும் ரோஜாத் தோட்டத்தையும் காட்டி, கேக் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்துவிடுகிறோம். அந்த வீட்டைக் கட்டிய பணம் யாருடைய உழைப்பில் வந்தது என்ற பேச்சே எழுவதில்லை. இந்த ஆண்டு வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். முதலில் தானியக் களஞ்சியம், பிறகு தோட்டம், மாளிகை கடைசியில்.

ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமத்தில் 1426-இல் வின்செஸ்டர் கல்லூரி தன் பண்ணைக்காகக் கட்டிய களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நீளம் ஏறத்தாழ 58 மீட்டர். ஓக் மரத் தூண்கள் ஈரம் ஏறாதபடி கற்கள்மேல் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இப்போது வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஹேரோவிலும் ஹவுன்ஸ்லோவிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது எட்டிப் பிடிக்கும் தூரம். ஊருக்குப் போக விமானம் ஏறும் ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தால்தான் கடந்து போகிறோம்.

இன்னும் பழையது ஆக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பியூலி மடத்துத் துறவிகள் கட்டியது. பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இன்று இருக்கிறது. கல் சுவர்கள், உயரமான கல் பீடங்களில் ஊன்றிய மரத் தூண்கள், மேலே இருட்டுக்குள் மறையும் கூரைச் சட்டங்கள். அருகிலுள்ள கெல்ம்ஸ்காட்டில் வாழ்ந்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் தம் விருந்தினர்களை இங்கே அழைத்து வருவாராம். ஒரு பேராலயத்துக்கு நிகராக இதை மதித்தார். பெரிய பழைய களஞ்சியம் எதைப் பார்த்தாலும் தேவாலயத்துக்குரிய தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, சேர்த்த இடம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் சொன்ன இரண்டும் அப்படியல்ல. நிலவுடைமையாளரின் சொந்த விளைச்சலைச் சேர்க்கக் கட்டியவை.

இத்தகைய களஞ்சியங்கள் பலவற்றில் எதிரெதிரே வாசல்கள் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தளத்தில் கதிரடித்து, குறுக்கே வீசும் காற்றில் தூற்றுவார்கள். பதர் பறக்கும், மணி விழும். பிள்ளைகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. தஞ்சையில் போரடித்தவர்களும் வன்னியில் சூடு மிதித்தவர்களும் நம் வீடுகளிலேயே தாத்தா பாட்டியாக இருக்கிறார்கள். அவர்களையும் பேருந்தில் ஏற்றுங்கள். வழிகாட்டி சொல்லத் தெரியாததை அவர்கள் அந்தத் தளத்தில் நின்று செய்து காட்டுவார்கள். இடைக்கால இங்கிலாந்தின் குடியானவர்களில் பலர் வாரத்தில் சில நாட்கள் நிலப்பிரபுவின் வயலில் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். மாளிகையில் எண்ணெய் ஓவியமாகத் தொங்குபவர்கள் மட்டும் இந்த நாட்டின் முன்னோர் அல்லர்.

அடுத்து, சர்ரேயில் எஷருக்கு அருகிலுள்ள கிளேர்மான்ட் தோட்டம். தீவுள்ள ஏரியும் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் வடிவமைத்த புல் படி அரங்கும் எந்தப் பிள்ளையையும் ஓட வைக்கும், ஓடட்டும். பிறகு உட்கார வைத்து, இந்த எஸ்டேட்டை 1769-இல் வாங்கியவர் ராபர்ட் கிளைவ் என்று சொல்லுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியாக 1751-இல் ஆற்காட்டு முற்றுகையில் பேர் வாங்கினார். வங்காளத்தில் பணம் சேர்த்தார். இங்கே இருந்த பழைய மாளிகையை இடித்துப் புதிதாகக் கட்டினார். 1774-இல் இறந்துவிட்டதால் அதை அனுபவிக்கவில்லை. அந்த வீடு இப்போது ஒரு பள்ளிக்கூடம்.

ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் உட்ஹால் பார்க்கும் இன்று பள்ளிதான். சுற்றுலாவுக்கு ஏற்ற இடமல்ல. ஆனாலும் அதன் கதையைச் சொல்லாமல் விடாதீர்கள், நெல்லோடு பின்னிய கதை அது. 1790-களில் அதை வாங்கிய பால் பென்ஃபீல்டு சென்னையில் கம்பெனி ஊழியராக இருந்தவர். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர். 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சையைப் பிடித்தார். 1776-இல் கம்பெனியின் சென்னை ஆளுநர் பிகட் அதை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தஞ்சையின் வருவாயும் விளைச்சலும் தமக்கு அடகாக எழுதப்பட்டவை என்று பென்ஃபீல்டு குறுக்கே நின்றார். அந்தத் தகராறு முற்றி, பிகட்டை அவருடைய சபை உறுப்பினர்களே சிறை வைத்தார்கள். காவலிலேயே 1777-இல் இறந்தார். 1785-இல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் நவாபின் இந்தக் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் கொதித்துப் பேசினார். காவிரிக் கரையில் அறுவடைக்கு நின்ற நெல்லின்மேல் எழுதிய பத்திரங்களால் செழித்த ஒருவர், லண்டனுக்கு வடக்கே பூங்காவும் மாளிகையும் வாங்கினார். நம் பிள்ளைகளுக்கு இதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

பிள்ளைகள் மகிழப் போகும் இடத்தில் பழைய கணக்கு எதற்கு என்று சில பெற்றோர் கேட்பார்கள். 2020-இல் நேஷனல் டிரஸ்ட் தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியாதிக்கத்தோடும் அடிமை வாணிபத்தோடும் உள்ள தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டபோது இந்த நாட்டிலும் அதே கேள்வி பெரும் கூச்சலாக எழுந்தது. எனக்கு அந்தத் தோட்டங்கள் மிகவும் பிடிக்கும். அவற்றை வளர்த்த தோட்டக்காரர்களின் கைத்திறனுக்கு முன் தலை வணங்குகிறேன். பிடித்த இடத்தைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்வது அதன்மேல் காட்டும் மரியாதை என்றுதான் நினைக்கிறேன்.

ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதத்தில் சில ஞாயிறுகளில் மட்டுமே திறந்திருக்கும். தேதியை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்து வைப்பவர்கள் தன்னார்வலர்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதினால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். கிளேர்மான்ட்டுக்குக் கட்டணம் உண்டு. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் அதைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு இடங்களுக்கும் எட்டு வயதுப் பிள்ளை படிக்கக்கூடிய தமிழ்க் கையேட்டை எழுதித் தர நான் தயார். அச்சடிக்கும் செலவைப் பள்ளிகள் பகிர்ந்துகொண்டால் போதும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தென்மேற்கு லண்டனிலிருந்து ஒரு பெற்றோர்