செயின், கேசட், கூலி: நம் சைக்கிள் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பண்டிகை வாழ்த்தைத் தவிர நான் உங்களுக்கு எதுவும் எழுதியதில்லை. கடைக்கு வந்தால் பேசிக்கொள்ளலாம் என்றுதான் பதினாறு வருடமாக ஓடுகிறது. இப்போது எழுத மூன்று காரணம். பொங்கல் முடிந்து கடை திறக்கும் நாளிலிருந்து சர்வீஸ் கூலி கூடுகிறது. நம் பெரிய மெக்கானிக் அண்ணன் கடையை விட்டுப் போய்விட்டார். மூன்றாவது, நம் கடையைப் பற்றிச் சுற்றிவரும் அந்த ஆடியோ.

அதை உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். 48 விநாடி. எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் மச்சான். "செயின் மாத்தக் குடுத்தேனுங்க, 900 ரூபா வாங்குனாங்க. ரெண்டே நாள்ல வழுக்குது. போய்க் கேட்டா கேசட்டும் மாத்தோணும், இன்னொரு 1,700 ஆகும்ங்கறாங்க. இதெல்லாம் ஒரு பொழப்பா?" (கேசட் என்றால் பாட்டு கேசட் இல்லை, பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கர அடுக்கு.) அதில் வரும் கடைப் பெயர் நம்முடையதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

பேசியவர் நாலு வருடமாக வருகிறவர். பேரூர் ரோட்டில் சிக்னல் பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதித்திருக்கிறார். செயின் 'டக்'கென்று நழுவி, முழங்கால் போய் ஹேண்டில்பாரில் இடித்திருக்கிறது. வலித்தவர் கத்தத்தான் செய்வார், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கடைசி வார்த்தைதான் இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது. ரோட்டு மண்ணும் எண்ணெயும் சேர்ந்த கறுப்புப் பசை உள்ளே போய், அந்தப் பின்னும் அது உட்காரும் துளையும் அரைபட்டுத் தேய்கின்றன. ஒரு கண்ணியில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நூற்றுச் சொச்சம் கண்ணியிலும் சேர்த்துப் பார்த்தால் தெரியும்.

இதை அளக்க என் கடைக்கு வர வேண்டியதில்லை. பிள்ளையின் ஸ்கூல் பையில் இருக்கும் ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே சரியாக அரை அங்குலம். அப்படியானால் 24 கண்ணி 12 அங்குலம். ஸ்கேலின் சைபரை ஒரு பின்னின் நடுவில் வைத்துச் செயினை இறுக்கமாகப் பிடியுங்கள். 12-க்கு நேராக இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அரை நூல் தள்ளி நின்றால் 11, 12 ஸ்பீடு செயினை மாற்றிவிட வேண்டும் (ஸ்பீடு என்பது கேசட்டில் எத்தனை பல்சக்கரம் என்ற கணக்கு). 8, 9, 10 ஸ்பீடு முக்கால் நூல் வரை தாங்கும். (நூல் என்றால் என்னவென்று கேட்கும் இளையவர்களுக்கு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரைக் கேளுங்கள், விரலாலேயே காட்டுவார்.) ஒரு நூல் முழுசாகத் தள்ளிவிட்டால் செயினோடு வேலை முடியாது.

ஏனென்றால் செயின் தேயத் தேய, கேசட்டின் பல்லும் அதோடு சேர்ந்து தேய்கிறது. நம் ஊர்க்காரர்களுக்குக் கிரைண்டர் உதாரணம் சொன்னால் புரியும். கல்லும் குழவியும் ஒன்றோடொன்று உரசி ஒரு தோதுக்கு வந்திருக்கும். குழவியை மட்டும் புதிதாகப் போட்டால் கொஞ்ச நாளைக்கு மாவு திப்பிதிப்பியாகத்தான் வரும். மாவைத் திரும்ப ஆட்டிக்கொள்ளலாம். சைக்கிளில் அது நடக்காது. அகலமாகிப்போன பல்லிடுக்கில் புதுச் செயின் சரியாக உட்காராது. பல பற்கள் சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை ஒன்றிரண்டு பல்லே தாங்கும். சும்மா மிதிக்கும்போது ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று ஒரு அழுத்து அழுத்தினால் செயின் பல்லின் மேலேறிக் குதித்துவிடும். அதுவும் எல்லாப் பல்சக்கரத்திலும் இல்லை. தினமும் எதில் ஓட்டுகிறோமோ அதில்தான். அவர் வண்டியில் பெரிய பல்சக்கரங்கள் புதிது மாதிரி இருக்கின்றன, சின்னதிலிருந்து மூன்றாவதும் நான்காவதும் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன.

அந்தப் பழைய செயின் இன்னும் கடை ஆணியில் தொங்குகிறது. பக்கத்து ஆணியில் அதே எண்ணிக்கைக் கண்ணியுள்ள புதுச் செயினை மாட்டியிருக்கிறேன். பழையது கீழே ஏறக்குறைய ஒரு கண்ணி கூடுதலாக இறங்கி நிற்கிறது. யாரும் வந்து பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், ஆடியோவும் போடலாம்.

முதலிலேயே சொல்லக் கூடாதா என்றால், கூடும்தான். அன்றைக்கு மழை, பையனும் வேலைக்குப் புதிது, வண்டியைக் கொடுக்கும் முன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவில்லை. சரி. ஆனால் கேசட் விற்பதற்கென்றே செய்த வேலை என்றால் அதை ஏற்க முடியாது. அவர் திரும்பி வந்தபோது நானே சொன்னேன்: "அண்ணா, செலவு வேண்டாம்னா பழைய செயினையே மாட்டித் தரேன். ரெண்டும் ஒண்ணா தேஞ்சது, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும். சாகுற வரைக்கும் ஓட்டிட்டு, அப்புறம் ரெண்டையும் சேர்த்து மாத்திக்கலாம்." கேசட் விற்கத் துடிக்கிறவன் இப்படிச் சொல்வானா? அந்த 48 விநாடியில் இது வரவில்லை. கடைசியில் கேசட்டை வாங்கின விலைக்கே போட்டுக் கொடுத்தாயிற்று, கூலியும் வாங்கவில்லை. அதற்கு ஆடியோ வரவில்லை, பரவாயில்லை.

செயின் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஒரு வாடிக்கையாளரின் மாமியார் கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய நல்லெண்ணெயில் மிச்சத்தை விட்டிருந்தார். வண்டி மணத்தது, செயின் மண் அப்பிக் கிடந்தது. பைக் எஞ்சின் ஆயிலும் அப்படித்தான், தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். டபிள்யூடி-40 அடித்துவிட்டு எண்ணெய் விட்டாயிற்று என்று நினைப்பதும் தப்பு, அது துடைப்பதற்கு. செயினுக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே இருப்பதைப் பழைய பனியனால் துடைத்தெடுங்கள். உள்ளே போனது போதும்.

இன்னொன்று, வாட்டர் சர்வீஸ். பைக்கோடு சேர்த்துச் சைக்கிளையும் அங்கே நிறுத்தி, பம்ப் தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலும், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டிலும் பீய்ச்சி அடிக்கிறார்கள். வண்டி பளபளவென்று இருக்கும். ஒரு மாதம் கழித்து மிதிக்கும்போது 'கறக் கறக்' என்ற சத்தத்தோடு என்னிடம் வரும். கிரீஸ் இருந்த இடத்தில் துருத் தண்ணீர் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதுமுங்க.

கூலிக்கு வருகிறேன். சாதா சர்வீஸ் 500-லிருந்து 650 ஆகிறது. முழு ஓவராயில் 1,200-லிருந்து 1,500. பஞ்சருக்கு ஏற்றவில்லை. "ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சே, நீங்க என்ன ஏத்தறீங்க?" என்று நேற்று ஒருவர் கேட்டார். உண்மைதான், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அந்த வாரமே பழைய விலைச் சீட்டுகளைக் கிழித்துவிட்டுப் புதியவை ஒட்டினேன், பில்லை எடுத்துப் பாருங்கள். இப்போது ஏறுவது பாகத்தின் விலையல்ல, கைவேலைக்கான கூலி. ஒரு ஓவராயிலுக்கு வண்டியை எலும்புக்கூடாகக் கழற்ற வேண்டும். ஹப், ஹேண்டில்பார் திரும்பும் இடமான ஹெட்செட், பாட்டம் பிராக்கெட் எல்லாவற்றிலும் பழைய கிரீஸை வழித்துப் புதிது வைத்து, கேபிள் மாற்றி, கியர் செட் பண்ணி முடிக்க ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். வாடகையும் சம்பளமும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? நம்மிடம் வாங்கிய வண்டிகளுக்கு இருந்த ஆயுள்கால இலவச சர்வீஸ் இனி முதல் வருடத்துக்கு மட்டும் என்று ஆகிறது.

ஆன்லைனில் வாங்கி வருகிற வண்டிகளையும் எப்போதும்போல் பார்ப்போம். எங்கே வாங்கினீர்கள் என்று நான் முகம் சுளித்ததில்லை, கொஞ்சம் சுளித்திருந்தால் மன்னிக்கவும். பெட்டியில் வருவதை நீங்களே மாட்டுவதானால் இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். முன் ஃபோர்க் பின்பக்கம் திரும்பியபடியே போன மாதம் ஒரு வண்டி வந்தது. அவர் அப்படியே மூன்று வாரம் ஆபீஸ் போயிருக்கிறார், "கொஞ்சம் ஆட்டமா இருக்கு" என்றுதான் கொண்டுவந்தார். அப்புறம் இடது பெடல். அதன் மரை எதிர்த்திசை. வலது பக்கம் மாதிரியே நினைத்து ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால், பெடலைத் தாங்கும் கிராங்கின் மரை போய்விடும். பெடலின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருப்பார்கள், ஒரு நிமிஷம் பார்த்தால் கிராங்க் செலவு மிச்சம்.

மெக்கானிக் அண்ணன் விஷயம். சண்டை, சம்பளப் பாக்கி என்றெல்லாம் பேச்சு இருக்கிறது. ஒன்றுமில்லை. ஊரோடு போய்ச் சொந்தக் கடை போட்டிருக்கிறார். திறப்பு விழாவுக்கு நானே போய்க் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். பதினோரு வருடம் இருந்தவர், போக வேண்டிய நேரம் வந்தது. அவர் வீல் கோட்டம் எடுப்பதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்போக்கை வீணைக் கம்பி மாதிரி விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்பார். அதன் பிறகுதான் கண்ணால் பார்ப்பார். அந்தக் காது எனக்கு வராது. பையன் கற்றுக்கொண்டிருக்கிறான், ஸ்டாண்டில் பழைய ரிம் ஒன்றைத் தினமும் அவிழ்த்துக் கட்டுகிறான். அதுவரை ஸ்போக் கோர்த்துப் புது வீல் கட்டும் வேலைக்குப் பத்து நாள் கொடுங்கள்.

200 கிலோமீட்டர் பிஆர்எம் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து "சும்மா ஒரு செக்" என்று கேட்பது மட்டும் இனி வேண்டாம். வால்பாறை போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆலியாறு வந்து சேர்வதற்குள் பிரேக் பேடு என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். போகும் முன் ஒரு வாரம் இருக்கும்போதே காட்டுங்கள்.

நன்றி சொல்லாமல் முடித்தால் நான் மனுஷனில்லை. 2020-இல் கடை திறக்க முடியாமல் இருந்தபோது, வராத வண்டிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே போட்டுவிட்டு "வரும்போது வரட்டும்" என்றவர்கள் ஆறு பேர். அந்தப் பணத்தில்தான் அந்த இரண்டு மாத வாடகை போனது, இதை இன்றுவரை அவர்களிடம் சொன்னதில்லை. அப்பா வாங்கிய சைக்கிளை மகளுக்கு உயரம் குறைத்துக் கொடுத்தோம், இப்போது அந்தப் பெண் தனக்கென்று ரோடு பைக் கேட்டு வந்து நிற்கிறாள். ஆடியோவைக் கேட்டதும் போனில் திட்டாமல், "நிஜமாவே என்ன ஆச்சுங்கண்ணா?" என்று நேரில் வந்து கேட்டவர்களையும் மறக்க மாட்டேன். அவர்களால்தான் இவ்வளவையும் எழுதும் தைரியம் வந்தது.

இனி செயின் மாற்ற எந்த வண்டி வந்தாலும் உங்கள் கண் முன்னால் அளந்து, கேசட்டும் போக வேண்டுமா இல்லையா என்பதை வேலை தொடங்கும் முன் சீட்டில் எழுதிக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை செயின் அளப்பது இலவசம், எங்கே வாங்கிய வண்டியானாலும் சரி. மருதமலை ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் வாருங்கள், டீ நம் கணக்கு.

இப்படிக்கு,
உங்கள் சைக்கிள் கடைக்காரன்

பி.கு: தீபாவளிக்கு முன்னாடியிருந்து ஒரு நீல ஹெல்மெட்டும் ஒற்றைக் கையுறையும் கவுண்டரில் கிடக்கின்றன. கையுறை இடது கைக்கு. யாருடையது என்றாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.